மண்ணுக்கடியில் சாயும் பிளவு: ஈர்ப்புத் தரவிலிருந்து அதன் திசையும் சாய்வும் காணும் வழி

கும்பகோணம், மன்னார்குடி, காரைக்கால் என்று காவிரிப் படுகையில் எங்கே போய் நின்றாலும் பிளவு (பாறை உடைந்து, இருபுறமும் ஒன்றுக்கொன்று நகர்ந்த தளம்) எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வயல், வாய்க்கால், வண்டல் அவ்வளவுதான். அந்த வண்டலுக்கும் அதன் கீழே அடுக்கடுக்காகப் படிந்த மணற்பாறை, களிப்பாறைகளுக்கும் அடியில் பழைய கடினப்பாறை உடைந்து, ஓரிடத்தில் தாழ்ந்தும் அடுத்த இடத்தில் மேடாக நின்றும் கிடக்கிறது. கோண்ட்வானா நிலப்பரப்பு பிரியத் தொடங்கி, ஜுராசிக் காலத்தின் கடைசியிலும் கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் நிலம் இழுபட்டபோது உண்டான உடைவுகள் இவை. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், அதற்குத் தென்கிழக்கே கும்பகோணம்–மாதானம் மேடு, அதையும் தாண்டித் தரங்கம்பாடிப் பள்ளம், தெற்கே பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு என இவை பெரும்பாலும் வடகிழக்கு–தென்மேற்காக நீள்கின்றன. ஆழமான பள்ளங்களில் படிவு 5 கி.மீ.க்கும் மேல் இருக்கிறது.

இப்படி மூடிக்கிடக்கும் பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை ஈர்ப்பு அளவீட்டிலிருந்து எப்படி எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. புவியியல் அல்லது இயற்பியல் படிக்கும் மாணவர்களையும், கொஞ்சம் பைத்தான் தெரிந்த ஆர்வலர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளவு ஓடும் திசையை ஈர்ப்புத் தரவு தாராளமாகத் தரும். சாய்வை அப்படித் தராது. அதை மாதிரி போட்டு, சோதித்து, ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் பெற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது என்பதால் கட்டுரையும் அங்கேதான் அதிகம் நிற்கும்.

எதை அளக்கிறோம்

ஈர்ப்பு முடுக்கத்தின் சிறு மாற்றங்களை மில்லிகால் என்ற அலகில் சொல்வார்கள். பூமியின் மொத்த ஈர்ப்பு ஏறத்தாழ 9,80,000 மில்லிகால். நாம் தேடும் பிளவின் பங்கு அதில் சில மில்லிகாலிலிருந்து சில பத்து மில்லிகால் வரைதான்.

ஈர்ப்பை அளக்கும் கருவியான கிராவிமீட்டர் பிளவை உணர்வதில்லை. பிளவின் இருபுறமும் உள்ள பாறைகளின் அடர்த்தி வேறுபாட்டைத்தான் உணர்கிறது. காவிரிப் படுகையின் அடியில் உள்ள நைஸ், சார்னோகைட் பாறைகள் ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மேலே உள்ள படிவுகள் 2.2 முதல் 2.5 வரை. எனவே பள்ளத்தின் மேல் ஈர்ப்பு குறையும், மேட்டின் மேல் கூடும், இரண்டுக்கும் இடையிலுள்ள பிளவின் மேல் மதிப்பு சரசரவென்று ஏறும். இதே காரணத்தால், இருபுறமும் ஒரே பாறை இருக்க, பக்கவாட்டில் மட்டும் நகர்ந்த பிளவு எவ்வளவு பெரியதானாலும் ஈர்ப்பு வரைபடத்தில் தென்படாமல் போகலாம். வேலையைத் தொடங்குமுன் "இங்கே அடர்த்தி வேறுபாடு இருக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு முறைக்குப் போவதே நல்லது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: 41.9 × அடர்த்தி வேறுபாடு × பிளவில் பாறை இறங்கிய அளவு கி.மீ.யில். வேறுபாடு 0.4, பாறை இறங்கிய அளவு 1 கி.மீ. என்றால் பிளவைக் கடக்கும்போது மொத்தம் 17 மில்லிகால் மாறும். கைக்கணக்குதான். ஆனாலும் வரைபடத்தில் 60 மில்லிகால் மாற்றத்தைப் பார்த்து "ஒரே பிளவு" என்று சொல்லாமல் இது தடுத்துவிடும்.

முதல் படி: தரவு

இலவசமாகக் கிடைப்பதில் தொடங்கலாம். பன்னாட்டு ஈர்ப்பு அமைப்பின் டபிள்யூஜிஎம்-2012 தொகுப்பு, ஜெர்மனியின் போட்ஸ்டாம் மையம் நடத்தும் ஐசிஜெம் கணிப்பான், கடற்பகுதிக்கு ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் உயரமானித் தரவு ஆகியவை யாருக்கும் திறந்தே இருக்கின்றன. பாக் நீரிணை, மன்னார் வளைகுடா வழியாக இலங்கையின் வடமேற்கு வரை இந்தப் பள்ளங்கள் தொடர்வதைப் பார்க்க இவையே போதும்.

ஆனால் இவற்றில் உள்ள ஒரு குழியைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். டபிள்யூஜிஎம்-2012க்கு அடிப்படையான இஜிஎம்-2008 என்ற உலக ஈர்ப்பு மாதிரியின் நுணுக்கம் சுமார் 9 கி.மீ. தான். அதோடு, தரை அளவீடுகள் முழு நுணுக்கத்தோடு கிடைக்காத நிலப்பகுதிகளில் அதன் குறுகிய அலைநீளங்களை (சிறு தூரத்துக்குள் வரும் மாற்றங்களை) நிலத்தின் மேடுபள்ளத்திலிருந்து கணித்து நிரப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் "பிளவு" என்று கோடு போடுவது வெறும் மலைச்சரிவாக இருக்கலாம். உலகத் தொகுப்பை வைத்துப் பெரிய அமைப்புகளின் திசையைப் பேசலாம், தனிப்பட்ட பிளவின் சாய்வைப் பேசக்கூடாது.

சாய்வு வேண்டுமென்றால் தரையில் அளந்த தரவு வேண்டும். இந்தியாவில் ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகின்றன. நிலவியல் வரைபடங்களைப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் எடுக்கலாம்.

இரண்டாம் படி: நீங்களே அளப்பதானால்

அளக்கும் கோட்டைப் பிளவுக்குக் குறுக்கே போடுங்கள். காவிரிப் படுகையில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. சாய்ந்து வெட்டும் கோட்டில் எல்லாச் சரிவும் (தூரத்தோடு ஈர்ப்பு மாறும் வீதம்) உண்மையைவிட மெதுவாகத் தெரியும். இந்த இடத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. டெல்டாவில் ஆறுகள் கிழக்கே கடலை நோக்கி ஓடுகின்றன, பல சாலைகளும் ஆற்றங்கரையைப் பிடித்தே போகின்றன. சாலையோரமாக மட்டும் அளந்துகொண்டே போனால் ஸ்டேஷன்கள், அதாவது அளக்கும் இடங்கள், கிழக்கு–மேற்காக வரிசை கட்டிவிடும். பிறகு கிரிட் (சம இடைவெளிப் புள்ளிக் கட்டம்) போடும்போது அந்த வரிசைகளே கிழக்கு–மேற்குப் பிளவுகள்போல் வரைபடத்தில் எழும். வரப்பிலும் கிராமத்து மண்பாதையிலும் இறங்கி இடைவெளிகளை நிரப்பியே ஆக வேண்டும்.

ஸ்டேஷன் இடைவெளி, பிளவின் மேல்விளிம்பு இருக்கும் ஆழத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. 300 மீ. ஆழத்தில் விளிம்பை எதிர்பார்த்தால், பிளவை ஒட்டிய பகுதியில் 150 மீ.க்கு ஒன்று. தள்ளிப்போகப் போக 500 மீ., 1 கி.மீ. என்று விரிக்கலாம். கோடு பிளவின் இருபுறமும் நீண்டிருக்க வேண்டும். அளந்த ஈர்ப்பின் வரைகோடு இரு பக்கமும் சமநிலைக்கு வருவதைப் பார்க்காமல் அதன் சீர்மையின்மையைப் படிக்க முடியாது.

சின்ட்ரெக்ஸ் சிஜி-5 போன்ற கருவிகள் மில்லிகாலின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எண் காட்டும். அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். கருவியின் ஸ்பிரிங் மெல்ல நீளும், அதாவது டிரிஃப்ட் இருக்கும். எனவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தொடங்கிய இடமான பேஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பிவந்து அளந்து, இடைப்பட்ட அளவுகளைத் திருத்த வேண்டும். சூரியனும் சந்திரனும் இழுப்பதால் உண்டாகும் ஓதத் திருத்தத்தைக் கருவியே செய்யும், ஆனால் அதில் நேரமும் இடமும் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தைத் தினமும் காலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உயரம். 1 மீட்டர் உயரப் பிழை ஏறத்தாழ 0.2 மில்லிகால் பிழையாகும். செயற்கைக்கோள் உயர வரைபடத்திலிருந்து உயரம் எடுத்து, அது 5 மீ. தவறினால் 1 மில்லிகால் போச்சு. இந்த 1 மில்லிகாலை நினைவில் வையுங்கள், கீழே திரும்பவும் வரும். திருத்தமான ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) கருவி கட்டாயம். அதுவும் காட்டுவது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்குப் பொருத்திய கணித நீள்வட்ட உருவத்தின் மேலான உயரம். தென்னிந்தியா உலகின் மிக ஆழமான ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) தாழ்வின் விளிம்பில் இருப்பதால், நாகப்பட்டினக் கரையில் நின்றால் கருவி −90 மீட்டர் அளவில் காட்டும். கருவியில் கோளாறு இல்லை. கடல்மட்ட உயரத்தையும் நீள்வட்ட உயரத்தையும் ஒரே அட்டவணையில் கலக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: திருத்தங்கள்

அளந்த மதிப்பிலிருந்து அட்சரேகைக்கான இயல்பு ஈர்ப்பைக் கழிக்கிறோம். உயரத்துக்காக மீட்டருக்கு 0.3086 மில்லிகால் கூட்டுகிறோம். ஸ்டேஷனுக்கும் கடல்மட்டத்துக்கும் இடையிலுள்ள பாறையின் இழுப்பை, அடர்த்தி 2.67 என்று கொண்டு, மீட்டருக்கு 0.1119 வீதம் கழிக்கிறோம். மிஞ்சுவது பூகே அனாமலி, அதாவது நிலத்தடி அடர்த்தி வேறுபாட்டால் வரும் ஈர்ப்பு விலகல். மலைப்பகுதியில் நிலவடிவத் திருத்தம் பெரிய வேலை. டெல்டாவில் நிலம் தட்டையாக இருப்பதால் அது மிகச் சிறிது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு டெல்டா நல்ல இடம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கையால் கணக்கிட வேண்டியதில்லை. பைத்தானில் ஃபாட்டியாண்டோ குழுவினரின் ஹார்மோனிக்கா, பூல், வெர்டே நூலகங்கள் இவை அனைத்தையும் செய்யும், கட்டணமும் கிடையாது.

அடுத்து, பெரும்போக்கை நீக்க வேண்டும். காவிரிப் படுகை கண்டத்தின் ஓரம். கடலை நோக்கிப் போகப் போகப் புவிமேலோடு மெலிகிறது, அதற்கடியிலுள்ள அடர்த்தி மிகுந்த மேன்டில் அடுக்கு மேலே வருகிறது, அதனால் ஈர்ப்பு கிழக்கே பொதுவாகக் கூடிக்கொண்டே போகும். இதை நீக்காமல் விட்டால், கிழக்கே இறங்கும் பிளவு பலவீனமாகவும் மேற்கே இறங்கும் பிளவு பலமாகவும் தெரியும். தாழ்ந்த அடுக்குப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்திக் கழிப்பது எளிய வழி. அடுக்கு 1, அடுக்கு 2 இரண்டையும் வைத்துச் செய்து பாருங்கள். இரண்டிலும் நிற்கும் அமைப்புகளை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: ஓடும் திசை

மிஞ்சிய அனாமலியைக் கிரிட்டாக்கி, கிழக்கு–மேற்குச் சரிவையும் வடக்கு–தெற்குச் சரிவையும் கணித்து, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். கிடைப்பது கிடைச்சரிவின் அளவு. அடர்த்தி மாறும் எல்லை செங்குத்தாக இருந்தால் இதன் உச்சம் அந்த எல்லைக்கு நேர் மேலே வரும். ஒவ்வொரு கிரிட் புள்ளியையும் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளோடு ஒப்பிட்டு உச்சங்களைத் தானாகப் பிடிக்கும் முறையை 1986ஆம் ஆண்டு பிளேக்லியும் சிம்ப்சனும் வெளியிட்டார்கள். இன்றும் பரவலாகப் பயன்படுவது அதுதான். சில பத்து வரிகளில் நீங்களே எழுதிவிடலாம்.

உச்சப்புள்ளிகள் ஒரே கோட்டில் வரிசையாக விழுந்தால் அதுவே பிளவு ஓடும் திசை. வளைந்து வட்டமாக விழுந்தால் பிளவு அல்ல, பெரும்பாலும் அடியில் உள்ள ஒரு பாறைத் திரளின் விளிம்பு. இந்த இடத்தில் காந்தப்புல வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிகவும் உதவும். அடிப்பாறையிலேயே நைஸும் சார்னோகைட்டும் மாறி மாறி வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள அடர்த்தி வேறுபாடும் கோடு கோடாகத் தெரியும், ஆனால் அங்கே படிவுகள் இறங்கியிருக்காது.

கிரிட்டின் புள்ளி இடைவெளியை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். நேர் வடக்கு, நேர் கிழக்கு என்று கிரிட்டின் வரிகளோடு ஒட்டிப்போகும் கோடுகள் மறைந்தால் அவை கணக்கு உண்டாக்கியவை. வடகிழக்கு–தென்மேற்குக் கோடுகள் நிற்கும்.

ஐந்தாம் படி: எந்தப் பக்கம் சாய்கிறது

மேல்நோக்கிய நீட்டிப்பு என்றொரு கணக்கு உண்டு. தரையில் அளந்த புலத்தை 1 கி.மீ., 2 கி.மீ. உயரத்தில் அளந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அது சொல்லும். உயரே போகப் போகக் குறுகிய அலைகள் மங்கும். 5 கி.மீ. அலைநீளம் 1 கி.மீ. உயரத்தில் 28 சதவீதமாகச் சுருங்கும், 20 கி.மீ. அலைநீளம் 73 சதவீதம் நிற்கும். ஆகவே உயரத்தில் பிளவின் ஆழமான பகுதியின் குரல் கூடுதலாகக் கேட்கும். பிளவு செங்குத்தாக இருந்தால் கிடைச்சரிவின் உச்சம் எல்லா உயரத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். சாய்ந்திருந்தால் சாயும் பக்கமாக நகரும். பள்ளத்தை நோக்கி நகர்ந்தால் இழுவிசையால் இறங்கிய இயல்புப் பிளவு, மேட்டின் அடியை நோக்கி நகர்ந்தால் நெருக்கத்தால் ஏறிய எதிர்ப்பிளவு. காவிரிப் படுகை இழுபட்டு உண்டானது என்பதால் இங்கே முதல் வகையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

எவ்வளவு நகரும் என்று ஒரு மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளவின் மேல்விளிம்பு 300 மீ. ஆழத்தில், கீழ்விளிம்பு 2.3 கி.மீ. ஆழத்தில், சாய்வு கிடைமட்டத்திலிருந்து 60 பாகை, அடர்த்தி வேறுபாடு 0.4. பிளவுத்தளத்தை மேலே நீட்டினால் தரையைத் தொடும் கோட்டிலிருந்து பள்ளத்தின் பக்கமாக அளக்கிறோம். தரையில் உச்சம் அந்தக் கோட்டிலிருந்து 300 மீ. தள்ளி வருகிறது, அங்கே சரிவு கி.மீ.க்கு 10 மில்லிகால். 1 கி.மீ. உயரத்தில் உச்சம் 500 மீ.க்குப் போகிறது. 2 கி.மீ. உயரத்தில் 580 மீ.

இரண்டு பாடம் இதில் இருக்கிறது. மொத்த நகர்வே 280 மீட்டர்தான், எனவே 1 கி.மீ.க்கு ஒரு ஸ்டேஷன் வைத்து எடுத்த தரவில் இதைத் தேடவே கூடாது. அடுத்தது, "உயரத்தில் பாதிதான் ஆழம்" (2 கி.மீ. உயரத்தில் தெரிவது 1 கி.மீ. ஆழம்) என்ற புழக்கத்திலுள்ள விதியை நம்பி, 1 கி.மீ. உயரத்துக்கும் 2 கி.மீ. உயரத்துக்கும் இடையிலான நகர்வை மட்டும் வைத்துக் கோணம் போட்டால் 80 பாகைக்கு மேல் வருகிறது. உண்மை 60. எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நம்பலாம். அந்த நகர்விலிருந்து நேரடியாக எடுத்த கோணத்தை நம்பக்கூடாது.

உச்சத்தின் வடிவமும் ஒரு சாட்சி. கிடைச்சரிவின் வரைகோட்டில் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் நீண்ட வாலோடும் இருந்தால், வால் நீளும் பக்கம்தான் சாய்வு. பக்கத்தில் இன்னொரு பிளவு இருந்தால் அதுவும் வால்போலவே தோன்றும் என்பதால் இதைத் தனிச்சாட்சியாகக் கொள்ளாதீர்கள்.

ஈர்ப்புச் சரிவு டென்சாரின் (ஈர்ப்பு மூன்று திசையிலும் மாறும் வீதங்களின் தொகுப்பு) ஐகன்வெக்டர்களிலிருந்து சாய்வை எடுக்கும் முறைகளும் உண்டு. ஜப்பானில் குசுமோட்டோ போன்றவர்கள் இதில் நிறையச் செய்திருக்கிறார்கள். அடிப்படை கைவந்த பிறகு போகவேண்டிய இடம் அது.

ஆறாம் படி: எவ்வளவு சாய்கிறது

இங்கேதான் பொறுமை வேண்டும். பிளவுக்குக் குறுக்கே ஒரு கோட்டை எடுத்து, ஒரு மாதிரியை வரைந்து, அது தரும் ஈர்ப்பைக் கணித்து, அளந்ததோடு ஒப்பிடுங்கள். 45, 60, 75, 90 பாகை என்று சாய்வை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் அடர்த்தி வேறுபாட்டை 0.3, 0.4, 0.5 என்று மாற்றுங்கள், மேல்விளிம்பின் ஆழத்தையும் மாற்றுங்கள். எத்தனை சேர்க்கைகள் அளந்த வரைகோட்டோடு, அளவீட்டுப் பிழைக்குள், ஒத்துப்போகின்றன என்று ஒரு அட்டவணை போடுங்கள்.

மேலே சொன்ன மாதிரியில், பிளவுத்தளத்தின் நடுப்புள்ளியை அசைக்காமல் சாய்வை மட்டும் 60 பாகையிலிருந்து 75 பாகைக்கு மாற்றினால் ஈர்ப்பில் வரும் மாற்றம் அதிகபட்சம் ஏறத்தாழ 1 மில்லிகால்தான். உயரத்தில் 5 மீ. தவறினால் வரும் பிழையும் அதேதான். டெல்டாவில் வெயிலில் நின்று ஜிஎன்எஸ்எஸ் கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் வீணில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை. மறுபக்கம், அடர்த்தி வேறுபாட்டில் 10 சதவீதம் தவறினால் மொத்த மாற்றம் 3 மில்லிகாலுக்கு மேல் தள்ளிப்போகும். அடர்த்தியைச் சுதந்திரமாக விட்டால் சாய்வு எந்தப் பக்கமும் வளையும் என்று பொருள்.

ஆகவே வெளியிலிருந்து ஒரு பிடி வேண்டும். ஒரே ஒரு ஆழ்துளைக் கிணற்றின் அடர்த்திப் பதிவும் அடிப்பாறையின் ஆழமும் கிடைத்தால்கூட அட்டவணையில் பாதி வரிசைகள் விழுந்துவிடும். நரிமணம் போன்ற எண்ணெய் வயல்களுக்காகத் தோண்டிய கிணறுகளும் நில அதிர்வு அளவீடுகளும் காவிரிப் படுகையில் உண்டு. அவற்றைப் பற்றி வெளியான ஆய்வுகளில் வரும் குறுக்குவெட்டுப் படங்களே தொடக்கத்துக்குப் போதும். படிவுப்பாறை ஆழத்தில் அழுந்தி இறுகுவதால் அதன் அடர்த்தி அடிப்பாறையை நெருங்கும் என்பதையும் மாதிரியில் சேர்த்துவிடுங்கள். 4 கி.மீ. ஆழத்தில் வேறுபாடு 0.4 என்றே வைத்திருந்தால் பள்ளத்தின் ஆழம் குறைவாக வரும், பிளவின் கீழ்ப்பகுதி எங்கே முடிகிறது என்பதும் தவறாகும்.

பக்கத்துப் பக்கத்தில் குறைந்தது மூன்று கோடுகளில் இதைச் செய்யுங்கள். ஒரு பிளவு 10 கி.மீ. தூரத்துக்குள் 50 பாகையிலிருந்து 85 பாகைக்குத் தாவுவது அரிது. அப்படித் தாவினால் கோடுகளில் ஒன்றில் இரண்டு பிளவுகளை ஒன்றாக எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

வரைபடத்தில் எழுதுவது

மூன்று கோடுகளிலும் உச்சங்கள் வரிசையாக விழுந்த பகுதிக்கு முழுக்கோடு, இடையில் ஸ்டேஷன் இல்லாமல் ஊகித்த பகுதிக்கு விட்டுவிட்ட கோடு. சாயும் பக்கத்தில் சிறு கொம்பு. பக்கத்தில் ஒற்றை எண் வேண்டாம், "தென்கிழக்கே 55–75 பாகை, அடர்த்தி வேறுபாடு 0.3–0.5, மேல்விளிம்பு 250–400 மீ." என்று நீங்கள் பெற்ற வீச்சையும் அதற்கு வைத்துக்கொண்ட அனுமானத்தையும் சேர்த்தே எழுதுங்கள். நாளை யாரோ ஒருவர் அந்தக் கோட்டின் குறுக்கே நில அதிர்வு அளவீடு செய்யும்போது, அந்த வீச்சில் எந்தப் பகுதி நிற்கிறது என்று பார்த்துத் திருத்த முடியும்.